ஸ்லோ நிற்காத பழைய கார்: மலைநாட்டில் ஓடும் காபரேட்டர் வண்டிகளுக்கு

பழைய கார் ஸ்லோவில், அதாவது எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் மெல்ல ஓட வேண்டிய நிலையில், ஓடாமல் நின்றுவிடுகிறது என்றதும் பொனெட்டைத் திறந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டரின் ஸ்லோ ஸ்குரூவை ஒரு சுற்றுத் திருகிவிட்டு, வேலை முடிந்தது என்று மூடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். வண்டி நிற்காமல் ஓடும்தான். ஆனால் வெடித்த ஹோஸோ, அடைத்த ஜெட்டோ (பெற்றோல் வரும் சின்னத் துளை), நனைந்த வயரோ, எதுவானாலும் அது அங்கேயே இருக்கும். பெற்றோல் செலவு கூடும். அடுத்ததாகப் பார்க்கிற மெக்கானிக் பாஸுக்கு உண்மையான அறிகுறியே தெரியாமல் போகும். ஆகவே ஸ்குரூவைக் கடைசிக்கு வையுங்கள். எஞ்சின் எப்போது நிற்கிறது என்று முதலில் பாருங்கள்: விடியற்காலைக் குளிரில் மட்டுமா, ஏற்றம் ஏறி வந்த சூட்டிலா, பனிமூட்டத்திலா, பிரேக் மிதிக்கும்போதா, இல்லை எந்த நேரமுமா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

இங்கே சொல்வது 4கே எஞ்சின் கொரோலா, ட்ரெட் சன்னி, பொக்ஸ் லான்சர், மாருதி 800 மாதிரியான காபரேட்டர் வண்டிகளுக்கு. பழைய இன்ஜெக்‌ஷன் கார்களைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் வரும்.

முதலில் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்துவிட்டது என்று காபரேட்டருக்குத் தெரியாது, அது பெற்றோலை அந்த அளவுக்குக் குறைக்காது. அதனால் கொழும்பில் சரியாக டியூன் செய்த கார் நுவரெலியாவுக்கு வந்ததும் பெற்றோல் கூடின கலவையில் ஓடும்: ஸ்லோ கனத்துப்போய் உருளும், பிளக் கறுக்கும், சைலன்சரில் பெற்றோல் வாடை வரும். இது பழுதே இல்லை, டியூன்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் எண்கள் எல்லாம் தாழ்நிலத்துக்கு உரியவை. நல்ல எஞ்சின் ஸ்லோவில், அதன் உறிஞ்சலை அளக்கும் வெக்கியூம் கேஜில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால், அதே எஞ்சின் நுவரெலியாவில் 12, 14 என்றுதான் காட்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜும் அப்படித்தான், ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். இதைப் பார்த்து "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

காலை எடுத்ததும் நிற்கிறது, மிதித்தால் நன்றாக ஓடுகிறது

எக்ஸலரேட்டரை மிதித்தால் ரோட்டில் குறையே இல்லை, காலை எடுத்தால் பொத்தென்று நிற்கிறது. இது அநேகமாக ஸ்லோ வழி மட்டும் அடைபட்ட கேஸ். மெயின் ஜெட் வேறு வழி, அதனால்தான் வேகத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

காபரேட்டரைக் கழற்ற முன் அதன் பக்கத்தில் ஒற்றை வயரோ இரட்டை வயரோ போகும் சின்னச் சொலனொயிட் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சாவியை ஓப் செய்ததும் பெற்றோலை அடைப்பது அதன் வேலை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஓன் செய்து, அந்த வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் வயருக்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பு வைத்துப் பாருங்கள். கரண்ட் வந்தும் டிக் இல்லை என்றால் சொலனொயிட் செத்துவிட்டது. நம் பக்கத்து ஈரத்துக்கு வயர் முனை பச்சை பூத்து விட்டுப்போவதுதான் அதிகம், உப்புக் காகிதத்தால் ஒரு தேய்ப்பில் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் கொழும்பில் பழைய சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் காபரேட்டர் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிக் கேட்கிறது, இருந்தும் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றுங்கள். அதன் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான், ஒரு தூசி போதும். காபரேட்டர் கிளீனர் அடித்து கொம்ப்ரசர் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஜெட் பித்தளை, துளை பெருத்துவிட்டால் பிறகு எந்த டியூனுக்கும் அடங்காது. ஜெட் திரும்பத் திரும்ப அடைக்கிறதென்றால் குப்பை டாங்கியிலிருந்து வருகிறது, பெற்றோல் பில்டரை மாற்றிவிட்டு டாங்கியின் அடியைப் பாருங்கள். பல நாள் ஓடாமல் ஷெட்டில் நின்ற வண்டியின் டாங்கியில், இரவுக் குளிருக்குத் தண்ணீர் கோத்து துரு பிடித்திருக்கும்.

நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்சத் தூரம் போனதும் ஸ்லோ செத்துப்போகிறது, நிறுத்தி வைத்தால் தானே சரியாகிறது

மலைநாட்டில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டாது. அம்பேவெல, பட்டிப்பொல, கந்தப்பளை பக்கம் பனிமூட்டமான காலையில் புறப்படுகிறீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இழுவை குறைகிறது. சந்தியில் காலை எடுத்தால் நிற்கிறது, மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. பெற்றோல் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

காபரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கிறது. நம்ப முடியாது, ஆனால் உண்மை. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும், காபரேட்டரின் தொண்டைக்குள் வெப்பம் 20 பாகை வரைக்கும்கூட இறங்கும். வெளியே 10 அல்லது 12 பாகை, காற்று முழுக்க ஈரம் என்றால் உள்ளே பூச்சியத்துக்குக் கீழே போய், எக்ஸலரேட்டரோடு திறந்து மூடும் திரொட்டில் தட்டின் ஓரத்திலும் ஸ்லோ துளையின் வாயிலும் அந்த ஈரம் உறைகிறது. ஐஸ் வேண்டுமென்றால் வெளியே உறைபனி கொட்ட வேண்டியதில்லை, ஈரமும் இதமான குளிரும் போதும். எஞ்சின் நின்றதும் காபரேட்டருக்கு அடியிலுள்ள மெனிபோல்ட் குழாயின் சூடு மேலே ஏறி ஐஸ் உருகிவிடும், தடயமே இருக்காது. அதனால் நின்ற உடனேயே எயார் கிளீனர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும், காபரேட்டரின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சில்லென்று வெளியே வியர்த்திருக்கும்.

இதற்கு ஜப்பான்காரன் வழி வைத்துத்தான் அனுப்பினான். எக்ஸோஸ்ட் மெனிபோல்டின் மேல் ஒரு தகரக் கவசம், அதிலிருந்து எயார் கிளீனரின் மூக்குக்கு நெளிநெளியான ஒரு குழாய், குளிரில் சூடான காற்றை இழுக்க. இங்கே ஓடும் கார்களில் அந்தக் குழாய் இருப்பதே அபூர்வம். கிழிந்ததும் எறிந்துவிடுவார்கள், கவசமும் துருப்பிடித்துப் போயிருக்கும். கொழும்பில் அது இல்லாமல் காலம் தள்ளலாம், நுவரெலியாவில் முடியாது. அளவான நெளிகுழாய் வாங்கி மாட்டுங்கள். மூக்கில் கையால் திருப்பும் நெம்பு இருந்தால் குளிர்கால நிலைக்கு வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். தானாக வேலை செய்யும் வகை என்றால், அதன் சின்ன வெக்கியூம் ஹோஸ் மாட்டியிருக்கிறதா, உள்ளே தகடு அசைகிறதா என்று பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கொடுமை தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைக்கும் வால்வு. ஏற்றத்தில் சூடேறுகிறது என்று அதைக் கழற்றி எறிவது இங்கே பரவலான பழக்கம். மேட்டில் சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டர் அடைப்பையும் பேன் பெல்டையும்தான் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் இந்தக் குளிரில் ஓடும் சூட்டுக்கு வரவே வராது, மெனிபோல்டைச் சூடாக்கும் தண்ணீரும் ஆறியே ஓடும், ஓட்டோ சோக் முழுதாகத் திறக்காது. இப்படி ஒரே ஒரு சாமான் இல்லாமல் மூன்று விதமாக ஸ்லோ கெடும். மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து முதல் சில நிமிடம் ஆறி இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது.

விடியற்காலையில் மட்டும் நிற்கிறது

சோக்கைப் பாருங்கள், ஆறின எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துக் கலவையைக் கூட்டும் தட்டு அது. எஞ்சின் ஆறியிருக்கும்போது எயார் கிளீனர் மூடியைக் கழற்றி, எக்ஸலரேட்டரை ஒரு தடவை மிதித்து விடுங்கள். மேல் தட்டு அநேகமாக முழுதும் மூட வேண்டும். கையால் இழுக்கும் சோக் என்றால் கேபிள் துருவில் பாதியில் நிற்கும், எண்ணெய் விட்டால் வரும். சூடான பிறகு அதே தட்டு செங்குத்தாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கறுப்புப் புகையும் கனத்த ஸ்லோவும் வரும்.

குளிருக்கு ஷெட் கதவை மூடிக்கொண்டு எஞ்சினைச் சூடாக்காதீர்கள். அந்தப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

ஸ்லோ கூடிப்போய் இறங்க மறுக்கிறது, அல்லது ஏறி ஏறி இறங்குகிறது

எங்கோ கள்ளக் காற்று போகிறது. காபரேட்டர் வழியாக வராமல் வேறு ஓட்டையால் உள்ளே போகும் காற்று கலவையை மெலிதாக்கிவிடும். முப்பது வருடத்து ரப்பர் ஹோஸ் வளைத்தால் வெடிக்கும், பார்த்தாலே தெரியும். தெரியாதது காபரேட்டருக்கு அடியில் இருக்கும் கறுப்பு இன்சுலேட்டர் கட்டை. நட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி அது வளைந்திருக்கும்.

கண்டுபிடிக்க எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸாகப் பிளையரால் நெரியுங்கள், எதை நெரித்தால் ஸ்லோ மாறுகிறதோ அந்த வழியில் ஓட்டை. கெஸ்கட் பக்கத்துக்குத் தண்ணீர்ப் போத்தலால் மெல்லப் பீச்சிப் பாருங்கள், ஓட்டையில் தண்ணீர் படும் நொடியில் எஞ்சின் சத்தம் மாறும். காபரேட்டர் கிளீனரையோ பெற்றோலையோ பீச்சச் சொல்லுவார்கள், நான் சொல்ல மாட்டேன். 4கே எஞ்சினில் இரண்டு மெனிபோல்டும் ஒரே பக்கம், வழிந்தது நேரே எக்ஸோஸ்டில் விழும், தீப்பிடிக்கும். சுடும் எக்ஸோஸ்டில் தண்ணீரையும் வாரி ஊற்றாதீர்கள், வார்ப்பு இரும்பு வெடிக்கலாம். திரொட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். அது கடகடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது, கடைச்சல்காரரிடம் புஷ் போட வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது ஸ்லோ மாறுகிறது, பெடலடியில் உஸ்ஸென்று கேட்கிறது என்றால் அது பிரேக் மிதிப்பை இலேசாக்கும் பூஸ்டரின் டயபிராம் (உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு) கிழிந்தது. இதை ஸ்லோ பழுதாக நினைத்து விட்டுவைக்காதீர்கள். இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது பூஸ்டர் கைவிட்டால் பெடல் கல்லாக இருக்கும், இரண்டு காலாலும் மிதிக்க வேண்டி வரும். சரிசெய்யும் வரை வண்டியைப் பள்ளத்தில் இறக்க வேண்டாம். பூஸ்டர் ஹோஸை மாற்றும்போது அதிலிருக்கும் ஒருவழி வால்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வையுங்கள். மெனிபோல்ட் பக்கம் வாய் வைத்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும், ஊதினால் போகக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டரின் வெக்கியூம் டப்பாவையும் மறக்க வேண்டாம். அதன் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயபிராம் கிழிந்திருக்கிறது.

எதுவும் அகப்படவில்லை, ஸ்லோ மட்டும் கூடி நிற்கிறது என்றால் எக்ஸலரேட்டர் கேபிள் இறுகியிருக்கும்.

உதறுகிறது, மிஸ் ஆகிறது, மழைக்கு மோசமாகிறது

இது பெரும்பாலும் கரண்ட் பக்கம். இரவில், லைட் எதுவும் இல்லாத இடத்தில் பொனெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் வயர்களில் நீலப் பொறி ஊர்வது தெரிந்தால் வேறு சோதனை வேண்டாம், செட்டோடு மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் கீறிய மாதிரிக் கறுப்புக் கோடு ஓடினால் அதுவும் மாற்றத்தான். துடைத்துப் போட்டால் அடுத்த மழை வரைதான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை வெட்டி விடும் பொயின்ட் உள்ள வண்டி என்றால் அதன் இடைவெளியைப் பாருங்கள். 4கேக்கு 0.45 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.8. பொயின்ட் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் கொன்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றும்போது எந்தச் சிலிண்டர் எது என்று வரிசை மாறாமல் வையுங்கள். வெளிறிய மண்நிறம் நல்லது. உலர்ந்த கறுப்புக் கரி பெற்றோல் கூடினது, வெள்ளை வெளேர் என்றால் காற்று கூடினது. எண்ணெய்ப் பிசுக்கான கறுப்பு எஞ்சின் உள்ளே தேய்ந்ததைச் சொல்லும். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் காபரேட்டரைத் திட்ட வேண்டாம், அந்த ஒரு சிலிண்டரின் வயர், வால்வு இடைவெளி, கம்ப்ரெஷன் மூன்றையும் பாருங்கள்.

வருசா வருசம் லைசன்சுக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையின் கடதாசியை எறிந்துவிடாதீர்கள், ஸ்லோவில் எடுத்த அளவு அதில் இருக்கும். காபன் மொனொக்சைட் கூடி இருந்தால் பெற்றோல் கூடின கலவை. அது குறைவாக இருந்து ஹைட்ரோகாபன் மட்டும் ஏகத்துக்கு ஏறியிருந்தால் மிஸ் ஆகிறது, அல்லது கள்ளக் காற்று போகிறது. காசு கொடுத்து வாங்கிய தகவல், பயன்படுத்துங்கள்.

ஏற்றம் ஏறி நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் உதறும்

கம்பளையிலிருந்து புசல்லாவ, லபுக்கலை வழியாக ஏறி வந்து கால் மணி நேரம் நிறுத்தினால் எஞ்சின் சூடு முழுதும் காபரேட்டருக்கு ஏறும். உயரத்தில் அழுத்தம் குறைவு என்பதால் பெற்றோல் இன்னும் சுலபமாகக் கொதிக்கும், காபரேட்டரின் கிண்ணத்திலிருந்து பொங்கி மெனிபோல்டுக்குள் வழியும். அந்த நேரம் எக்ஸலரேட்டரை அடித்து அடித்து மிதிக்காதீர்கள், ஒரே மிதியாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அடிக்கடி நடந்தால் மிதவை மட்டமும் ஊசி வால்வும் பார்க்க வேண்டும். பெற்றோல் பைப் எக்ஸோஸ்டை ஒட்டிப் போகிறதா, வளைந்த இன்சுலேட்டருக்குப் பதில் யாராவது வெறும் கடதாசி கெஸ்கட் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி

கொரோலா 110 மாதிரிக் கார்களில் திருக ஒன்றும் இல்லை. திரொட்டில் பொடியை (திரொட்டில் தட்டு இருக்கும் கூட்டை) கழற்றிக் கரியைக் கழுவுங்கள், ஸ்லோ வால்வையும் சேர்த்து. ஆயிரத்துக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் இடையில் ஸ்லோ ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சில எஞ்சின்களில் ஸ்லோ வால்வுக்குள் கூலண்ட் ஓடுகிறது. காற்று சிக்கினால் எஞ்சின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று வால்வு திறந்தபடி நிற்கும், ஸ்லோ கூடும், கால் எடுத்த நிலையில் இவ்வளவு சுற்று எதற்கு என்று கம்ப்யூட்டர் பெற்றோலை வெட்டும், ஸ்லோ விழும், மறுபடி திறக்கும். எஞ்சின் லைட் எரிந்தால், பழைய டொயோட்டாக்களில் டயக்னோசிஸ் பெட்டியின் டீஈ1, ஈ1 இரண்டையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியை ஓன் செய்தால் லைட் விட்டுவிட்டு மின்னிக் கோட் சொல்லும். ஸ்கேனர் தேவையில்லை.

இனி ஸ்குரூ

மேலே சொன்னதெல்லாம் சுத்தம் என்றால் இப்போது ஸ்குரூ டிரைவரை எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும், சோக் முழுக்கத் திறந்து, எயார் கிளீனர் மாட்டி, லைட்டுகள் ஓப். பற்றவைப்பு டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முதலில் சரியாக இருக்க வேண்டும். ஸ்லோ ஸ்குரூவால் சுற்றை 750 அளவில் வையுங்கள், பழைய ஜப்பான் கார்கள் பெரும்பாலும் 700க்கும் 850க்கும் இடையில்தான். பிறகு ஸ்லோவின் கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்குரூவை எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, உதறத் தொடங்கும் வரை மெல்ல உள்ளே திருகுங்கள், பிறகு ஸ்லோ உச்சத்துக்கு வந்து மென்மையாகும் வரை வெளியே. அந்த உச்சத்திலிருந்து சுற்று ஒரு சின்ன அளவு குறையும் மட்டும் உள்ளே எடுத்து நிறுத்திவிட்டு, ஸ்லோ ஸ்குரூவால் மறுபடி 750க்குக் கொண்டுவாருங்கள். அடிவரை இறுக்காதீர்கள், ஊசி முனையில் பள்ளம் விழுந்துவிடும்.

ஸ்குரூ மெல்ல உட்காரும் வரை உள்ளே போயும் எஞ்சின் சாகவில்லை என்றால் பெற்றோல் வேறு வழியால் வருகிறது. மிதவை மட்டம் ஏறியிருக்கும், அல்லது ஸ்லோ ஸ்குரூவை யாரோ கண்டபடி ஏற்றித் திரொட்டில் தட்டே திறந்து கிடக்கும். எந்தப் பக்கம் திருகினாலும் மாற்றமே இல்லை என்றால் ஸ்லோ வழி இன்னும் அடைப்பு, ஜெட்டுக்குத் திரும்பப் போங்கள்.

வண்டி எந்த உயரத்தில் அதிகம் ஓடுகிறதோ அங்கே வைத்து டியூன் செய்யுங்கள். நுவரெலியாவிலேயே ஓடும் காருக்கு டைமிங்கை இரண்டு பாகை முன்னே தள்ளினால் இழுவையும் ஸ்லோவும் நன்றாக இருக்கும். ஆனால் அதே காரை ஹட்டன் வழியாக அவிசாவளைக்கு இறக்கினால் கலவை மெலிந்துபோகும், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். கொழும்புப் பயணம் இருந்தால் டைமிங்கைப் பழைய குறிக்கே திருப்பி, மிக்ஸர் ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே விட்டுக்கொண்டு இறங்குங்கள்.